சீட்டு உண்டு, சீட் இல்லை: விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் களியக்காவிளையில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருஷம் ஆகிறது. கன்னியாகுமரி மாவட்டம் முடிந்து கேரளம் தொடங்குகிற இடம் எங்கள் ஊர். கடை மாடியிலிருந்து ஒரு கல்லை வீசினால் அடுத்த மாநிலத்தில் போய் விழும். அதனால் கடை போர்டிலும் பாதி தமிழ், பாதி மலையாளம். 1956 நவம்பர் 1-ம் தேதி எங்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்து இந்தப் பக்கம் சேர்த்தார்கள். கலெக்டர் ஆபீஸ் நாகர்கோவில், ஐகோர்ட்டு மதுரை என்று எல்லாம் மாறிவிட்டது. விமானம் ஏற மட்டும் இன்றைக்கும் திருவனந்தபுரம்தான்.

என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்ஃபில் வேலை செய்கிறவர்கள். கம்பி கட்டுகிறவர், கொத்தனார், டிரைவர், நர்ஸ். பளுகல், ஊரம்பு, அருமனை, கொல்லங்கோடு, அந்தப் பக்கம் பாறசாலை. இவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பறக்கிறவனுக்கு, விமானத்தில் ஏற்றாமல் விட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் இது அந்த ஒரு நிறுவனத்தோடு தீர்க்க வேண்டிய தகராறாகிவிடும்.

போன வருஷம் ஓணம் முடிந்த வாரம். லீவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்புகிற நேரம். ஊரம்புப் பக்கத்துப் பையன் ஒருவன், வயது இருபத்தாறு, ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் என்று ஓடி வந்தவன். முதலாளியிடம் கெஞ்சிக் கெஞ்சி லீவை நீட்டி, வந்து ஆறு மாசம் முடிய இரண்டே நாள் இருக்கும்போது திரும்புகிறான். அவனுடைய விசாவில் ஒரேயடியாக ஆறு மாசத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் விசா போச்சு. டிக்கெட் ஒரு மாசத்துக்கு முன்பே எடுத்தது, கன்ஃபர்ம் டிக்கெட், பணம் முழுக்கக் கட்டியது.

முதல் நாள் நான் வெப் செக்-இன் செய்து பார்த்தேன். ‘விமான நிலைய கவுன்டரை அணுகவும்’ என்று வந்தது. மறுபடி முயன்றேன். மறுபடி அதே வரி. இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு அந்த ஒரு வரியைப் பார்த்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். சில நேரம் பாஸ்போர்ட், விசா பார்க்கவும் அப்படிக் காட்டும். சில நேரம் விமானத்தில் இருக்கிற இடத்தைவிட அதிகம் விற்றுவிட்டார்கள் என்று அர்த்தம். எது என்று மட்டும் சொல்லாது. “எதுக்கும் சீக்கிரம் போயிரு மக்கா” என்று மட்டும் அவனிடம் சொன்னேன். அவனும் சாயங்காலமே கிளம்பினான். பாலராமபுரம் சந்திப்பில் வழக்கம்போல் வண்டி நகரவில்லை. விமானம் கிளம்ப இரண்டரை மணி நேரம் இருக்கும்போது உள்ளே போய்விட்டான். வரிசை வாசல்வரை நின்றதாம்.

எட்டரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். சிரித்த முகம், கையில் போர்டிங் பாஸ். பெரிதாக்கிப் பார்த்தேன். பெயர் சரி, கேட் நம்பர் சரி. சீட் நம்பர் இருக்க வேண்டிய கட்டத்தில் நம்பர் இல்லை. மூன்று எழுத்து இருந்தது, காத்திருப்பவர் என்று பொருள்படும் மூன்று எழுத்து. அவனுக்கு அது தெரியாது. கவுன்டரில் இருந்த பெண் “சீட் கேட்டில் தருவாங்க” என்று சொன்னதை நம்பி, எமிக்ரேஷனில் முத்திரையும் குத்திக்கொண்டு, உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறான்.

ஒன்பதே முக்காலுக்கு போன் வந்தது. “அண்ணாச்சி, எல்லாரும் ஏறியாச்சு. என்னய மட்டும் நிக்க வச்சிருக்காவ.”

போனை அங்கே நின்ற ஊழியரிடம் கொடுக்கச் சொன்னேன். பாவம், அவரும் சின்னப் பையன்தான், குரலே நடுங்கியது. “சார், ஃப்ளைட் ஓவர்புக்டு. நாங்க யாரையும் தேர்வு பண்ணலை சார், சிஸ்டம்தான் எடுத்துது” என்றார். அடுத்த விமானத்தில் எப்போது இடம் என்று கேட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி. அதாவது விசா செத்ததற்கு மறுநாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் பார்க்கச் சகிக்காது. ஏற்றிய பெட்டியை இறக்க வேண்டும். குத்திய முத்திரையை ரத்து செய்ய வேண்டும். நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டதாகப் பதிவானவன், கிளம்பவில்லை என்று மறுபடியும் வரிசையில் நின்று எழுதி வாங்க வேண்டும். அவன் வெளியே வரும்போது மணி பன்னிரண்டு. பெட்டிக்குள் ரூமில் இருக்கிறவர்களுக்கென்று அம்மை கட்டிக்கொடுத்த ஏத்தங்காய் சிப்ஸும் மீன் ஊறுகாயும். ஊறுகாய்க் குப்பி உடைந்து பெட்டியில் எண்ணெய் வடிந்தது. நான் கடையில் உட்கார்ந்து தேடித் தேடி, மறுநாள் மத்தியானம் கொச்சி விமான நிலையம் இருக்கிற நெடும்பாசேரியிலிருந்து வேறொரு விமானத்தில் ஒரு சீட் பிடித்தேன். ராத்திரியோடு ராத்திரியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் டாக்சி. கடைசி நேரத்து டிக்கெட் விலை என்னவாக இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் அம்மையின் வளையல் மறுநாள் பாங்குக்குப் போனது. போய்ச் சேர்ந்தான், ஒரு நாள் மிச்சமிருக்க.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

அதே விமானத்தில் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் அவர் மனைவியும் போனார்கள். அவர்களுக்கும் என் கடையில்தான் டிக்கெட். மகளைப் பார்க்க, மூன்று மாச விசிட் விசாவில். ஒரு வாரம் கழித்து வேறு ஏதோ கேட்க போன் செய்தவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: “எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாங்க இறங்கியிருப்போமே. எங்களுக்கு என்ன அவசரம்? பேத்தி பிறந்தநாளே அடுத்த மாசம்தான். அதுக்குக் காசும் தருவாங்கன்னா கேக்கணுமா?”

கேட்டார்களாம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண், ஆங்கிலத்தில், ஒரே ஒரு தடவை, மைக் இல்லாமல். வாத்தியாரின் மனைவி ஏதோ குழந்தை காணாமல் போன அறிவிப்பு என்று நினைத்திருக்கிறார்.

ஐயா, ஓவர்புக்கிங்கே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என் தொழிலை நானே அறியாதவன் ஆவேன். டிக்கெட் எடுத்தவர்கள் எல்லாரும் வருவதில்லை. 180 இடமுள்ள விமானத்துக்கு 180 டிக்கெட் மட்டும் விற்றால் சில இடம் காலியாகப் போகும், அந்தக் காசையும் சேர்த்து மற்றவர் தலையில்தான் வைப்பார்கள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு ஆயிரம் பேரை அழைத்தால் சமையல்காரர் ஆயிரம் இலைக்கு உலை வைக்க மாட்டார். எத்தனை பேர் வருவார்கள் என்று அவருக்கு ஒரு கை மதிப்பு உண்டு. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். என்றைக்காவது ஆள் கூடிவிட்டால், பெண் வீட்டுக்காரர் ஓடிவந்து, “அண்ணாச்சி, நீங்க நம்ம ஆளு, அடுத்த பந்தியில உக்காருங்க” என்று தங்களுக்கு வேண்டியவர்களை எழுப்புவார். தூரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவரை எழுப்ப மாட்டார். விமானத்தில் இது அப்படியே தலைகீழ்.

சிஸ்டம் எடுத்தது என்றாரே அந்தத் தம்பி, அந்த சிஸ்டத்தின் இந்தப் பக்கத்தில்தான் நான் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பொதுவாக அது பார்க்கிறது மூன்று: என்ன விலைக்கு டிக்கெட் எடுத்தான், கையில் என்ன அட்டை, எத்தனை மணிக்கு செக்-இன் செய்தான். விசா என்றைக்கு முடிகிறது என்று பார்க்க அதில் இடமே இல்லை. ஆக, ஆகக் குறைந்த விலை டிக்கெட், அட்டை கிடையாது, வரிசையில் பின்னால் நின்றவன். மூன்றிலும் எங்கள் பையன் முதல் மார்க்.

இந்த அட்டை விஷயத்தைக் கொஞ்சம் பேச வேண்டும். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைலேஜ் திட்டத்தைத் தொடங்கியது. அடிக்கடி பறக்கிறவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடாமல் பிடித்துவைக்க ஒரு தூண்டில். அப்புறம் உலகம் முழுக்க வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று அட்டைகள் வந்தன. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, அடிக்கடி வருகிற வாடிக்கையாளருக்கு ஒரு மரியாதை. நானும் அடிக்கடி வருகிறவருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறேன்.

ஆனால் அடிக்கடி என்பதை எப்படி எண்ணுகிறார்கள் பாருங்கள். பெரும்பாலும் பன்னிரண்டு மாசக் கணக்கு. அதற்குள் இத்தனை தடவை பறக்க வேண்டும், அல்லது இத்தனை ரூபாய் செலவழிக்க வேண்டும். வாரா வாரம் கம்பெனிக் காசில் மும்பை போய் வருகிறவருக்கு நாலே மாசத்தில் அட்டை வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக மஸ்கட் போய் வருகிற கொத்தனார் ஒருவர் என் வாடிக்கையாளர். ஆயுசில் பாதியை அங்கேதான் கழித்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் எந்த விமானம் மலிவோ அதில். அவருக்கு ஒரு தகர அட்டைகூடக் கிடையாது. கிடைக்கவும் கிடைக்காது.

இதையெல்லாம் பொறாமையில் சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்கே ஒரு அட்டை இருந்தது. வியாபாரம் நன்றாக ஓடிய ஒரு வருஷம், ஒரு நிறுவனம் கொடுத்தது. டெல்லிக்கு ஒரு கூட்டத்துக்குப் போகிறேன். கேட்டில் போர்டிங் பாஸை மெஷினில் வைத்ததும் ‘டொய்ங்’ என்று சத்தம், சிவப்பு விளக்கு. எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னைக் கடத்தல்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வேறொரு சீட்டை அச்சடித்துக் கொடுத்தார். 24-ம் வரிசையில் நடு சீட்டிலிருந்து 2-ம் வரிசை ஜன்னலுக்கு மாறிவிட்டேன். போய் உட்கார்ந்ததும் ஆவி பறக்கிற ஈரத் துண்டு ஒன்றை இடுக்கியில் எடுத்து நீட்டினார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து சீட்காரர் செய்ததைப் பார்த்து முகத்தைத் துடைத்தேன். பீங்கான் தட்டில் சாப்பாடு. எவ்வளவு நீட்டினாலும் கால் முன்சீட்டில் இடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போட்டோ அனுப்பினேன்.

நடுவில் எழுந்து பின்னால் ஒரு நடை போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பின்பக்கம் ஒரு இடம்கூடக் காலியில்லை. நான் விட்டுவந்த நடு சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பின்னால் அதிகம் விற்றுவிட்டார்கள், முன்னால் கொஞ்சம் காலி, ஆகவே அட்டை வைத்திருந்த என்னை முன்னே தூக்கிப் போட்டு அந்த அம்மாவுக்கு இடம் செய்திருக்கிறார்கள். இது நல்ல காரியம். இலவச அப்கிரேடுக்குப் பின்னால் பல நேரம் இருக்கிற கணக்கும் இதுதான். யாருக்கும் நஷ்டமில்லை, ஒருவரும் தெருவில் நிற்கவில்லை.

சிக்கல், முன்பக்கமும் நிறைந்துவிட்டால். அல்லது எங்கள் பையன் போன விமானத்தைப் போல முன்பக்கம் என்று ஒன்றே இல்லாவிட்டால். அப்போதும் அதே அட்டைதான் வரிசையைத் தீர்மானிக்கிறது, ஆனால் இந்தத் தடவை இறங்குகிற வரிசையை. கால் நீட்டும் இடம், ஈரத் துண்டு, தனி ஓய்வறை, கூட பத்துக் கிலோ, எதை வேண்டுமானாலும் அட்டைக்காரருக்குக் கொடுக்கட்டும். அவர் பறக்கிறாரா இல்லையா என்பதையும் மற்றவன் பறக்கிறானா இல்லையா என்பதையும் அந்தப் பிளாஸ்டிக்கிடம் விடலாமா?

உங்கள் விதியை நான் படித்திருக்கிறேன். பிரிவு 3, ‘எம்’ வரிசை, நான்காம் பகுதி. கடைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறேன். இடம் போதாவிட்டால் முதலில் தாமாக விட்டுக்கொடுப்பவரைக் கேட்க வேண்டும். அப்படியும் ஒருவரை விருப்பமில்லாமல் நிறுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் கொடுத்தால் ஒன்றுமில்லை. 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததில் இரண்டு மடங்கு, 10,000 ரூபாய்க்கு மிகாமல். அதற்கும் மேல் ஆனால் நாலு மடங்கு, 20,000-க்கு மிகாமல். மாற்று விமானம் வேண்டாம் என்றால் டிக்கெட் பணத்தோடு அந்த நாலு மடங்கு, அதே வரம்பு. 2010-ல் நீங்கள் முதலில் விதி போட்டபோது உச்சவரம்பு 4,000 ரூபாய்தான், 2016-ல் இவ்வளவாக உயர்த்தினீர்கள். விதியை மதிக்காததற்காக 2022 ஜூனில் ஏர் இந்தியாவுக்கு 10 லட்சம் அபராதமும் போட்டீர்கள். நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பையனுக்கும் பணம் வந்தது. முதலில் வவுச்சர் தருகிறோம் என்றார்கள். வவுச்சரைக் கொண்டுபோய் சந்தையில் சாளை மீன் வாங்க முடியாது, பாங்கில் வளையலும் திருப்ப முடியாது. நான் பதினோரு மெயில் அனுப்பி, நாலு மாசம் கழித்து, கணக்கில் ஏறியது. நெடும்பாசேரி டிக்கெட்டுக்கும் டாக்சிக்கும் ஆனதைவிடக் குறைவு.

அதே விதிக்கு 2023 பிப்ரவரி 15 முதல் நீங்கள் ஒரு திருத்தம் கொண்டுவந்தீர்கள். உயர் வகுப்பில் டிக்கெட் எடுத்தவரைக் கீழ் வகுப்பில் உட்கார வைத்தால், உள்நாட்டு விமானத்தில் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டு விமானத்தில் 1,500 கிலோமீட்டர்வரை 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75. நல்ல விதி. முன்சீட்டுக்குக் காசு வாங்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தால் அது ஏமாற்றுத்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். பிசினஸ் வகுப்பில் இரண்டு லட்சத்துக்கு டிக்கெட் எடுத்தவர், பின்சீட்டில் உட்கார்ந்தாவது, அன்றைக்கே ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். அவர் இழந்தது சாய்ந்து படுக்கிற வசதி. தூரம் 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் அவருக்கு ஒன்றரை லட்சம் திரும்ப வரும். சதவீதக் கணக்கு, ரூபாயில் உச்சவரம்பு கிடையாது. விமானத்திலேயே ஏற முடியாமல் போனவனுக்கு மட்டும் நாலு மடங்கு என்று வாயாரச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே 20,000-ல் கதவைச் சாத்துகிறது விதி. இருபதாயிரத்தைத் தாண்டினால் விமான நிறுவனம் மூழ்கிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். புதிதாக ஒன்றும் இல்லை. 1968-லேயே ஜூலியன் சைமன் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் சொல்லிவிட்டார். இடம் போதாதபோது பயணிகளிடம் ஒரு உறை கொடுங்கள். ‘எவ்வளவு தந்தால் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பேன்’ என்று ஒவ்வொருவரும் எழுதட்டும். குறைந்த தொகை எழுதியவருக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள் என்றார். ஏலம், ஆனால் தலைகீழ் ஏலம். விமான நிறுவனங்கள் பத்து வருஷம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. இடையில் 1972-ல் ரால்ஃப் நாடர் என்ற நுகர்வோர் உரிமைக்காரரையே ஒரு விமானத்தில் ஏற்றாமல் விட, வழக்கு 1976-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1978-ல், முதலில் விருப்பமுள்ளவரைக் கேள், பிறகுதான் மற்றதெல்லாம் என்று அங்கே விதியாகிவிட்டது.

ஏலத்தைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் அவர்களே காட்டினார்கள். 2017 ஏப்ரல் 9, சிகாகோ. யுனைடெட் விமானத்தில் தங்கள் ஊழியர்கள் நாலு பேருக்கு இடம் வேண்டியிருந்தது. 800 டாலர்வரை ஏற்றினார்கள், யாரும் எழவில்லை. அதோடு நிறுத்திவிட்டு, பெயர் குறித்து இறக்கப் போனார்கள். 69 வயது டாக்டர் ஒருவரை ரத்தம் வழிய நடைபாதையில் இழுத்துக்கொண்டு போனதை உலகமே போனில் பார்த்தது. அதற்கப்புறம் அந்த நிறுவனம் விட்டுக்கொடுப்பவருக்குக் கொடுக்கிற தொகையின் வரம்பை 10,000 டாலராக உயர்த்தியது. அன்றைக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ என்று இன்னும் இரண்டு படி ஏறியிருந்தால் யாராவது ஒருவர் கையைத் தூக்கியிருப்பார்.

நம் விதியிலும் விருப்பமுள்ளவரைக் கேட்கச் சொல்லியிருக்கிறது. எவ்வளவு தருவது என்பதை மட்டும் நிறுவனத்தின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டீர்கள். ஓட்டை அங்கேதான். குறைவாகக் கொடுத்துக் கேட்டால் யாரும் எழ மாட்டார்கள், ‘கேட்டோம், யாரும் வரவில்லை’ என்று எழுதிவிட்டு அட்டையில்லாதவனை நிறுத்திவிடலாம். யாராவது ஒருவர் கையைத் தூக்கினாலொழிய ஏலம் முடியக்கூடாது என்று சொல்லுங்கள். எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியும். இரண்டு மாச லீவு முடிந்து திரும்புகிறவர்களில், விசாவில் நாள் மிச்சம் இருக்கிறவனிடம், “பதினைந்தாயிரம் ரூபாய், போகிற வண்டிக் காசு, நாளை ராத்திரி விமானத்தில் உறுதியான சீட்” என்று சொல்லிப் பாருங்கள். இன்னொரு நாள் அம்மை கையால் மரச்சீனியும் மீன் குழம்பும் என்றால், கேட் கவுன்டரில் அடிதடியே நடக்கும்.

ஆனால் அவனுக்குப் புரிகிற மொழியில் கேட்க வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து கிளம்புகிற விமானத்துக்கு மலையாளத்திலும் தமிழிலும், மைக்கில். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

அப்புறம், முன்கூட்டிச் சொல்வது. ரயிலைப் பாருங்கள். நாகர்கோவிலில் ரயில் ஏறுகிறவனுக்குத் தன் வெயிட்டிங் லிஸ்ட் நம்பர் மனப்பாடம். ஆர்.ஏ.சி. என்றால் பக்கவாட்டு பெர்த்தில் இன்னொருவரோடு முட்டியை மடக்கி உட்கார வேண்டும் என்பது டிக்கெட் எடுக்கும்போதே தெரியும். ரயிலிலும் அப்கிரேடு உண்டு: 2006 முதல், மேல் வகுப்பில் பெர்த் காலியாக இருந்தால் கீழ் வகுப்புக்காரரைக் கூடுதல் காசில்லாமல் மேலே ஏற்றுகிறார்கள். எத்தனை தடவை பயணம் செய்தாய், கையில் என்ன நிற அட்டை என்று யாரும் கேட்பதில்லை. ஸ்லீப்பரில் டிக்கெட் எடுத்த எங்கள் ஊர்க் கிழவி ஒருத்தி ஏ.சி. பெட்டியில் போய்ப் படுத்து, குளிர் தாங்காமல் இரண்டு கம்பளி கேட்டு வாங்கின கதை இங்கே எல்லாருக்கும் தெரியும்.

திருவனந்தபுரம் விமான நிலையத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாப சுவாமி கடலில் நீராடுகிற ஆராட்டுக்காக ஓடுபாதையை மூடுகிறார்கள். சுவாமி ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போய்த் திரும்பும்வரை மணிக்கணக்கில் ஒரு விமானமும் இறங்காது, ஏறாது. அதற்காக இன்றுவரை என்னிடம் ஒருவரும் குறை சொன்னதில்லை. ஏனென்றால் நாளும் நேரமும் முன்பே தெரியும், விமான நேரங்களை அதற்கேற்ப மாற்றிவிடுகிறார்கள். பெருமாளே முன்னறிவிப்போடுதான் குறுக்கே வருகிறார்.

அதேபோல, விற்ற டிக்கெட் இடத்தைத் தாண்டிவிட்டது என்பது நிறுவனத்துக்கு முந்தின நாளே தெரியும். ‘கவுன்டரை அணுகவும்’ என்று மழுப்பாமல், ‘இந்த விமானத்தில் இடம் போதாமல் போகலாம், விட்டுக்கொடுத்தால் இவ்வளவு’ என்று ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பட்டும். வாத்தியாருக்கு அது வந்திருந்தால் கடைக்கு நேரே வந்திருப்பார். சீட் நம்பர் இல்லாத போர்டிங் பாஸைக் கொடுத்தால், இதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கவுன்டரிலேயே வாயால் சொல்ல வேண்டும் என்று விதி செய்யுங்கள். யாருமே விட்டுக்கொடுக்காமல் கடைசியில் ஒருவரை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த வரிசையில் நிறுத்துகிறீர்கள் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் எழுதி ஒட்டட்டும். அமெரிக்காவில் அப்படி எழுத்தில் தந்தாக வேண்டும். ஐரோப்பிய விதியில் உடல் முடியாதவர்களையும் துணையில்லாத குழந்தைகளையும் முதலில் ஏற்ற வேண்டும் என்று இருக்கிறது. இங்கே விசா முடியப்போகிறவனை அந்தப் பட்டியலில் சேருங்கள். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்க்கிற கவுன்டரில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அரை நிமிஷம்கூட ஆகாது.

அட்டைக்காரர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களிடமும் ஒன்று. அடுத்த தடவை கேட்டில் ‘டொய்ங்’ சத்தம் கேட்டு முன்சீட்டுக்குப் போனால், சந்தோஷமாகப் போய் உட்காருங்கள், நானும் உட்கார்ந்தவன்தான். யாராவது ஒருவன் போர்டிங் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றால், “என்ன தம்பி?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியும், கவுன்டரில் உங்கள் பேச்சு எடுபடும். என் அட்டை காலாவதியாகி நாலு வருஷம் ஆகிறது.

பையன் இந்தத் தடவை கிறிஸ்துமஸுக்கு வருகிறான், ஜனவரி முதல் வாரம் திரும்புகிறான். விசாவில் நாள் நிறைய இருக்கிறது. கையில் ஐயாயிரம் கூடக் கொடுத்தால் விட்டுக்கொடுக்கத் தயார் என்று இப்போதே சொல்லிவிட்டான், சிரித்துக்கொண்டே. டிக்கெட் போட்டாகிவிட்டது. செக்-இன் திறக்கிற அன்றைக்கு, கடையைச் சீக்கிரமே திறந்து கணினி முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு டிக்கெட் கடைக்காரன்,
களியக்காவிளை